தூங்க வைத்த காபி

அத்தியாயம் 4

காலை பத்தரை மணிக்கு பாருக்குள் நுழைகிறவனுக்கு வாழ்க்கையில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். என் கோளாறு எனக்கு நாலடி முன்னால் நடந்துகொண்டிருந்தது. தட்டைச் செருப்பு, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், தோளில் ஒரு பை, பைக்குள் டார்ச் லைட்டு. ஊரே அவரை இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிடும்.

போலீஸ் இல்லை. உணவுப் பரிசோதனைத் துறையில் இருபது வருஷம் இன்ஸ்பெக்டர். முன்னூறு சமையலறைகளை மூடியவர். மூடிய ஒன்றைத் திறந்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்த அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். ஜனங்கள் போலீஸ் என்று நினைத்துக்கொண்டு உண்மையைக் கக்கிவிடுகிறார்கள். நாங்களும் திருத்துவதில்லை.

நான் பதினெட்டு வருஷம் பஸ் கண்டக்டர். இப்போது அவருக்கு உதவியாள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

"கண்டக்டர், மூக்கைப் பொத்தாதீங்க. மூக்குதான் நமக்குச் சோறு போடுது."

"நேத்து யாரோ போட்ட சோறும் இங்கதான் எங்கயோ கிடக்கு மேடம். வாசனை வருது."

பொய்யில்லை. செருப்பு தரையில் ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. ராத்திரி இதே இடத்தில் விளக்கும் பாட்டும் போட்டு, சொர்க்கம் என்று நம்ப வைத்திருப்பார்கள். பகலில் பார்த்தால் புளித்த துடைப்பத் துணிதான். இங்கே வந்து உட்கார்ந்து, பீரில் ஆரஞ்சுத் தோல் தெரிகிறதா மிளகு தெரிகிறதா என்று அரை மணி நேரம் வாதாட ஒரு கூட்டம் இருக்கிறது. கிராஃப்ட் பீர் என்று அதற்குப் பெயர். பெரிய கம்பெனி சரக்கு இல்லை, சின்னச் சின்னப் பீப்பாயாக அவரவர் கைப்பக்குவத்தில் காய்ச்சுவது. ஒரு பாரில் ஒன்று, அடுத்த பாரில் இன்னொன்று என்று கூட்டமாக ஏறி இறங்குவார்கள். எனக்குத் தெரிந்து பஸ்ஸில்தான் அப்படி ஏறி இறங்குவார்கள், அதுவும் டிக்கெட் எடுக்காதவர்கள்.

காலை எட்டு மணிக்கு எங்கள் வாசலில் நின்ற பெண்ணுக்கு இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போதே உதடு கோணியது. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை. கணவர் ஆம்புலன்ஸ் டிரைவர். கல்யாணமான புதிதில் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தவர், மகள் பிறந்த நாளிலிருந்து தொடவில்லை. ஆறு வருஷம். இந்த வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் பழைய பள்ளிக்கூட நண்பர்களோடு மூன்று பார் சுற்றினார். ஒருவர் இந்தப் பெண்ணின் அண்ணன், அதாவது டிரைவரின் மச்சான். இன்னொருவரை எல்லோரும் நாக்கு என்றுதான் கூப்பிடுவார்களாம், பீர் ருசி பார்ப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர். செவ்வாய் காலை ஆறு மணி டியூட்டி. ஆம்புலன்ஸ் ஷெட் வாசலில் மெஷினில் ஊதினார். மெஷின் கத்தியது. அன்றிலிருந்து வண்டிச் சாவியைக் கையில் கொடுக்கவில்லை. இன்று நாலு மணிக்கு விசாரணை. அது முடிந்தால் வேலை முடிந்தது.

"காபிதான் குடிச்சேன்னு சொல்றாரு மேடம்," என்றார் அந்தப் பெண். "பாப்பா தலையில அடிச்சு சத்தியம் பண்ணலை. அது ஒண்ணுதான் உறுத்துது. திரும்பக் குடிச்சா நான் கிளம்பிடுவேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். அவர் குடிச்சாரா இல்லையான்னு நாலு மணிக்குள்ள எனக்குத் தெரியணும்."

அதனால்தான் பத்தரை மணிக்கு இந்த நாற்றம்.

முதல் பாரில் ஒரு தாடிக்காரர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுக்கை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார் என்பதே சரி. சுவரில் பன்னிரண்டு குழாய்கள். அதன் கீழே சொட்டு விழும் தட்டு. மேடம் கேட்காமலே தட்டின் சல்லடையைத் தூக்கி டார்ச் அடித்தார். கோழை மாதிரி பழுப்பாக ஒன்று அசைந்தது. அதிலிருந்து பத்துப் பதினைந்து சின்ன ஈக்கள் கிளம்பி என் முகத்துக்கு வந்தன.

"இது எப்பக் கழுவினது?"

தாடிக்காரர் மேடத்தின் கடிகாரத்தையும் டார்ச்சையும் பார்த்தார். பார்த்ததும் நல்லவராகிவிட்டார். "இன்னிக்குக் கழுவறதாதான் மேடம் இருந்தேன்."

"கழுவுங்க. திங்கட்கிழமை சாயங்காலம் மூணு பேர். ஒருத்தர் காபி கேட்டிருப்பார்."

"ஆமா, ஞாபகம் இருக்கு. குழாய்க் காபி. இதோ, கடைசிக் குழாய்."

ஒரு கிளாஸ் பிடித்து வைத்தார். நான் அசந்துபோனேன். நெட்டைக் கண்ணாடி கிளாஸ், உள்ளே கன்னங்கரேல் என்று ஒன்று, மேலே இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பு நுரை. ஆறின காபியைக் காற்றழுத்தம் கொடுத்துக் குழாயில் இறக்குகிறார்களாம். பக்கத்து மேஜைக்காரன் பார்த்தால் கறுப்பு பீர் என்று சத்தியம் செய்வான்.

"குடிக்காதவங்க இதைத்தான் கேப்பாங்க," என்றார் தாடிக்காரர். "கையில இது இருந்தா, ஏன் குடிக்கலைன்னு யாரும் நச்சரிக்க மாட்டாங்க."

"திங்கட்கிழமை அவருக்குக் குடுத்தது இதுதானே?"

"இதேதான். எங்ககிட்ட கறுப்பு பீரே கிடையாது."

"குடிங்க கண்டக்டர்."

"மேடம், இந்தக் குழாயில வர்றதை..."

"காபிக் குழாய் சுத்தமாதான் இருக்கு. பார்த்துட்டேன். குடிங்க."

குடித்தேன். கசப்பு மண்டையில் ஏறி உட்கார்ந்தது. காலையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த என் கண் இமைகள் மேலே போய் ஒட்டிக்கொண்டன.

"எப்படி இருக்கு?"

"இன்னும் ரெண்டு நாளைக்குத் தூக்கம் கிடையாது மேடம்."

"அந்தம்மா என்ன சொன்னாங்க? பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தாரு. அப்புறம்?"

"அப்படியே ஹால்ல விழுந்தாரு. குறட்டை சத்தத்துல குழந்தை எழுந்துக்கிச்சுன்னாங்க." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. "மூணு பார்ல இதையே குடிச்சவன் எப்படி மேடம் குறட்டை விடுவான்?"

"விட மாட்டான்."

"அப்போ மனுஷன் பொய் சொல்றாரு."

"இல்லைன்னா, காபின்னு சொல்லி யாரோ பொய்யை ஊத்திக் குடுத்திருக்காங்க. வாங்க."

இரண்டாவது பார் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. படியிறங்கும்போதே கழிவறை எந்தப் பக்கம் என்று மூக்கு சொல்லிவிட்டது. கரும்பலகையில் சாக்பீஸால் பீர் பெயர்கள், பக்கத்தில் எத்தனை சதவீதம் சாராயம் என்று எண்கள். ஆறு, ஐந்து, ஏழு. ஒன்றுக்கு மட்டும் பத்து. காபிக்கொட்டை போட்டுக் காய்ச்சிய கறுப்பு பீர் என்று எழுதியிருந்தது.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு வழுக்கைத்தலைக்காரர் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். கழிவறையைப் பற்றிக் கவலைப்படாத மனுஷன், கிளாஸை மட்டும் விளக்கில் காட்டிக் காட்டித் துடைத்தார். மேடம் அதைப் பார்த்தார்.

"கிளாஸ்ல ரொம்பக் கண்டிப்போ?"

"பின்ன? ஒவ்வொரு பீருக்கும் ஒரு கிளாஸ் இருக்கு மேடம்." குட்டையாக, வயிறு பெருத்த ஒரு கிளாஸை எடுத்துக் காட்டினார். "அந்தப் பத்து பர்சென்ட் சரக்கை இதுலதான் ஊத்துவேன். கொஞ்சமா, மெதுவாக் குடிக்கணும். திங்கக்கிழமை ஒரு ஆளு வந்து அதை நெட்டைக் கிளாஸ்ல கேக்கறான். நெட்டைக் கிளாஸ்ல. தாகத்துக்குத் தண்ணி குடிக்கற மாதிரி. முடியாதுன்னேன். சண்டைக்கு வந்துட்டான். ஊத்திக் குடுத்தேன், மனசே ஆறல. திரும்ப வந்து ரெண்டாவது கேட்டான், அதுவும் நெட்டைல."

மூன்று நாளாகியும் அவருக்கு ஆறவில்லை. இந்த உலகத்தில் எத்தனையோ அநியாயம் நடக்கிறது, இவருடைய ரத்தம் கொதிப்பது கிளாஸின் உயரத்துக்கு. ஆனால் அந்தக் கொதிப்புதான் எங்களுக்குப் பிழைப்பு.

"இங்க குழாய்க் காபி எந்தக் கிளாஸ்ல?"

"நெட்டைலதான். அவங்க கூட்டத்துலயே ஒருத்தருக்குக் காபி போச்சு."

"பீர் கேட்ட ஆளு எப்படி இருந்தான்?"

"கட்டை மீசை. சட்டைப் பையில லிஃப்ட் கம்பெனி பேரு தைச்சிருந்துச்சு."

வெளியே வந்ததும் நான் கையைத் தட்டினேன். "முடிஞ்சுது மேடம். மச்சான் லிஃப்ட் மெக்கானிக்னு அந்தம்மா சொன்னாங்களே. தங்கச்சி கல்யாணத்தையே வேணாம்னு சொன்ன ஆளு. இவன் குடிகாரன்னு நிரூபிக்க ஆறு வருஷமாக் காத்திருந்திருக்கான். சொந்தத் தங்கச்சி வீட்டுக்காரன் கிளாஸ்ல கை வச்சிருக்கான். த்தூ."

"துப்பாதீங்க, தெரு. மச்சானை ஒரு கேள்வி கேட்டுட்டு அப்புறம் துப்பலாம்."

மச்சானைத் தேடி ஒரு ஒன்பது மாடி ஆபீஸ் கட்டடத்தில் படியேறினோம், ஏனென்றால் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. அதைச் சரிசெய்ய வந்தவர் மொட்டை மாடி மெஷின் ரூமில் கிரீஸ் துணியைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கட்டை மீசையில் எச்சில் வழிந்திருந்தது. நான் காலால் தட்டினேன்.

மேடம் வேறெதுவும் கேட்கவில்லை. "திங்கட்கிழமை ராத்திரி தூங்கினீங்களா?"

மச்சான் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்தார். "எங்க மேடம். பொட்டுத் தூக்கம் இல்ல. படுத்தா நெஞ்சு படபடங்குது. விடிய விடிய ஃபேனைப் பார்த்துட்டுக் கிடந்தேன். அது இன்னும் சரியாகல, கண்ட நேரத்துல தூக்கம் வருது. பீர் அடிச்சா எனக்கு நல்லா தூக்கம் வரும். அன்னிக்கு என்ன கருமமோ."

"எத்தனை குடிச்சீங்க?"

"மொதல் பார்ல சாதா பீர் ஒண்ணு. அப்புறம் அந்தக் கறுப்பு பீர் மூணு. செம போதை மேடம். தெருவுல பாடிட்டே போனேன். யாரோ மாடியிலேருந்து தண்ணி ஊத்தினாங்க."

"கறுப்பு பீரை நெட்டைக் கிளாஸ்ல கேட்டது ஏன்?"

"நாக்குதான் சொன்னான். நெட்டைல வாங்குடா, அப்பதான் வாசனை மேல வரும்னான். பீர் விஷயத்துல அவன் சொன்னா சரியா இருக்கும்."

"வாங்கிட்டு வந்து டேபிள்ல வச்சீங்க. அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாக்கு ஃபோட்டோ எடுப்பான். குடிக்கறதுக்கு முன்னாடி எப்பவும் எடுப்பான். என் கிளாஸ், மாப்ள காபி, ரெண்டையும் லைட்டுக்கு நேரா நகர்த்தி வச்சு எடுத்துட்டு, திருப்பிக் குடுத்தான்."

"மூணாவது பார்லயும் இதேதானா?"

"அங்கயும் அதே பீர் வச்சிருந்தாங்க. அதேதான்."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. "நீங்க குடிச்சது மூணு கிளாஸ் காபி. உங்க மாப்பிள்ளை குடிச்சது உங்க மூணு பீர்."

மச்சானின் வாய் மறுபடி திறந்தது. தங்கையின் கணவருக்கு என்ன ஆனது என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்போ நான் பாடினது?"

"அது உங்க சொந்தத் திறமை," என்றேன். படியிறங்கும்போது, துப்புவதற்குத் தகுதியான ஆள் இவரும்தான் என்று எனக்குப் பட்டது. காரணம் மட்டும் மாறிவிட்டது.

மூன்றாவது பார் சாயங்காலம்தான் திறக்கும். அது தேவைப்படவில்லை. நாக்கு ஒரு டைல்ஸ் கடையில் குளியலறைப் பிரிவில் வேலை பார்த்தார். வரிசையாக நாற்பது கழிவறைக் கோப்பைகள், எல்லாம் புதுசு, பளபளவென்று. அவற்றுக்கு நடுவே ஒரு நாற்காலியில், சட்டைப் பையில் ஒரு தடித்த கறுப்பு நோட்டோடு அவர் உட்கார்ந்திருந்தார். அன்று நான் பார்த்ததிலேயே சுத்தமான இடம் அதுதான். மோசமான அழுக்கும் அங்கேதான் கிடைத்தது.

மேடம் இனிமையாகப் பேசினால் எனக்குப் பயமாக இருக்கும். இப்போது தேனாகப் பேசினார்.

"பீர் பத்தி ஊர்ல உங்களை விட்டா ஆள் இல்லைன்னாங்க. எங்க வீட்டுல ஒரு விசேஷம். நல்லதா நாலு சொல்லணும்."

நாக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாலு என்ன மேடம். இருநூத்திப் பதிமூணு குறிச்சு வச்சிருக்கேன்." நோட்டு வெளியே வந்தது. "ஒண்ணைக் கூட விட்டதில்லை. எந்த பீர் என் கைக்கு வந்தாலும் அன்னிக்கு ராத்திரியே எழுதிடுவேன். எழுதாமப் படுத்தா எனக்கு என்னவோ மாதிரி இருக்கும். இதைப் பாருங்க, மாம்பழத் தோல் வாசனை. இது, மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி."

"அதையெல்லாமா குடிக்கறாங்க?" என்றேன்.

"உங்களுக்குப் புரியாது."

"அந்த நிலவறை பார்ல கறுப்பா ஒண்ணு இருக்காமே. காபி போட்டது," என்றார் மேடம். "அதுக்கு எத்தனை மார்க்?"

நாக்கின் விரல் கடைசிப் பக்கத்துக்குப் போனது. போன வேகத்தில் பெருவிரல் பக்கத்தின் கீழ்ப்பாதியை மூடிக்கொண்டது. "நாலரை மேடம். அஞ்சுக்கு."

பதினெட்டு வருஷம், மடித்த டிக்கெட்டை விரலால் மறைத்துக்கொண்டு தேதியை மட்டும் காட்டுகிற பயணிகளோடு காலம் தள்ளியவன் நான். அந்தப் பெருவிரலை எனக்குத் தெரியும். "கொஞ்சம் காட்டுங்க சார்," என்று நோட்டை உருவினேன். வாய்விட்டுப் படித்தேன்.

"எண் 213. காபி கறுப்பு பீர், பத்து சதவீதம். முதல் வாயில் கருகிய ரொட்டி, பிறகு ஈர மரம். சோதனை: குழாய்க் காபி என்று நம்பவைத்து ஒருவருக்கு மூன்று கிளாஸ் தரப்பட்டது. அவர் ஆறு வருடம் மதுவைத் தொடாதவர். அவருடைய நாக்கு சுத்தமாக இருக்கும் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்தச் சந்தேகமும் எழவில்லை. சோதனை வெற்றி. ஐந்துக்கு நாலரை."

திருடப் போன வீட்டுக்கு மார்க் போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டு வருகிற திருடனை நான் அன்றுதான் பார்த்தேன். படித்து முடித்ததும் கையை எங்காவது கழுவ வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் அத்தனை வாஷ்பேசின், ஒன்றிலும் தண்ணீர் வராது.

"சும்மா ஒரு டெஸ்ட் மேடம்," என்றார் நாக்கு. "சாதாரண ஆளுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு ரொம்ப நாளா நான் சொல்லிட்டிருக்கேன். யாரும் நம்பல. அவனுக்கு ஒண்ணும் ஆகலையே. நல்லாத்தானே நடந்து போனான்."

"மறுநாள் காலைல ஆறு மணிக்கு ஆம்புலன்ஸ் எடுக்கப் போனார்."

"அது எனக்குத் தெரியாதே."

"தெரியும். ஸ்கூல்லேருந்து தெரிஞ்ச ஆளு. அவர் என்ன வேலை பார்க்கறாருன்னு உங்களுக்குத் தெரியும்."

நாக்கு கழிவறைக் கோப்பைகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் பேரு வெளிய வராமப் பார்த்துக்க முடியுமா? வேணும்னா அவனுக்காக ஒரு லெட்டர் எழுதித் தரேன். பேர் போடாம."

மேடம் நோட்டை வாங்கித் தன் பைக்குள், டார்ச்சுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "கலப்படப் பொருளை எடுத்துட்டுப் போறது எனக்கு இருபது வருஷப் பழக்கம்."

"அது என்னோடது மேடம்."

"சந்தேகமே இல்லை," என்றார்.

வழியில் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டோம். ஆம்புலன்ஸ் ஷெட் வாசலுக்கு வந்தபோது மூன்று இருபத்தைந்து. எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு. பாதி வெற்றி, பாதி அந்தப் பாழாய்ப் போன காபி.

வாசல் அறையில் காவல்காரர் எங்கள் பெயரை எழுதச் சொன்னார். மேஜைமேல் ஊதும் மெஷின். அதன் பக்கத்தில் ஒரு ரிஜிஸ்டர். மேடம் பேனாவைத் திறந்துவிட்டு, எங்கள் பெயரை எழுதாமல் அந்த ரிஜிஸ்டரைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ஒரு அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. அதில் ஐந்து பெயர்.

"தினமும் எல்லாரும் ஊதணுமா?"

"இல்லம்மா. கம்ப்யூட்டர் அஞ்சு பேரைக் குடுக்கும். அவங்க மட்டும்தான்."

"நம்ம டிரைவர் பேர் இந்த அஞ்சுல இல்லையே."

நானும் எட்டிப் பார்த்தேன். அச்சுச் சீட்டுக்குக் கீழே ஆறாவதாக ஒரு பெயர், நீல மையில், கையால் எழுதியிருந்தது.

"அவரே எழுதினது," என்றார் காவல்காரர். "உன் பேர் வரலப்பா, நீ போன்னு சொன்னேன். கேக்கல. அவராவே மெஷினை எடுத்து ஊதினாரு. அது கத்தினதும் சாவியை என் டேபிள் மேல வச்சிட்டு, வெளிய போய் உக்காந்துட்டாரு."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலம்மா."

மேடம் ரிஜிஸ்டரை மூடினார். காபிதான் குடித்தேன் என்று நம்புகிறவன், தன் பெயர் வராதபோது எதற்காக வலியப் போய் ஊத வேண்டும்?

"மேடம், நோட்டு நம்ம கையில இருக்கு. அவருக்குத் தெரியாதுன்னு அதுலயே எழுதியிருக்கு. வேலை நிச்சயம் நிக்கும். இந்த நீல மையை நாம பார்க்கலைன்னு வச்சுக்கலாமே."

"மூடி வச்சதைத் திறந்துவிடச் சொன்னதுக்குத்தான் ஒரு வேலையை விட்டேன், கண்டக்டர். திறந்து கிடக்கறதை மூடச் சொல்றீங்க. அந்தம்மா நம்மளைக் கேட்டது வேலையைப் பத்தி இல்ல."

விசாரணை அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. டிரைவரும் மனைவியும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். நகலை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு கணவரைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதுலயே எழுதியிருக்கான் பாவி."

டிரைவர் நகலைத் தொடவில்லை.

மேடம் அந்த நடு இடத்தில் உட்கார்ந்தார். "ரிஜிஸ்டர்ல ஆறாவது பேரு உங்க கையெழுத்தா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

"மொத பார்ல குடிச்சது காபி," என்றார் மெதுவாக. "ரெண்டாவது பார்ல மொத வாய்லயே தெரிஞ்சுது. ஆறு வருஷம் ஆனாலும் அது மறக்காது. நாக்கு என் மூஞ்சியையே பார்த்துட்டிருந்தான், காபி எப்படிடான்னு கேட்டான். நல்லாருக்குன்னேன். அவன் காபின்னு சொல்றான், காபியாவே இருக்கட்டும். நாளைக்கு யாராவது கேட்டா சொல்லிக்க ஒரு சாக்கு கிடைச்சிருக்குன்னு தோணுச்சு. மூணையும் குடிச்சேன்."

அந்தப் பெண்ணின் கையில் நகல் கசங்கியது.

"காலைல வந்து வண்டிச் சாவியை எடுத்தேன். குடியை விட்டதுலேருந்து ஆறு மணிக்குச் சாவியை எடுத்தா கை லேசா நடுங்கும். அன்னிக்கு நடுங்கல. உள்ள சரக்கு இருந்தாத்தான் எனக்கு நடுங்காது. அப்படியே பயந்துட்டேன். பின்னாடி யாரையாவது படுக்க வச்சு ஓட்டணுமேன்னு... போய் ஊதினேன். அப்புறம் வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்ததும், காபின்னு வாய்ல வந்துருச்சு."

காலையிலிருந்து நான் முகர்ந்த நாற்றம் அத்தனையும் ஒரு பக்கம், இந்த மனுஷன் தன்னையே பார்த்த பார்வை ஒரு பக்கம். அந்த அளவு அருவருப்பை நான் எந்தச் சொட்டுத் தட்டிலும் பார்க்கவில்லை. அன்று நான் சந்தித்தவர்களில் தன்னைப் பார்த்து முகம் சுளித்தவர் அவர் ஒருவர்தான். சுளிக்க வேண்டியவர்கள் எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள்.

கதவு திறந்தது. ஒரு குமாஸ்தா தலையை நீட்டி, உள்ளே வரச் சொன்னார்.

டிரைவர் எழுந்தார். மனைவி எழவில்லை. கசங்கிய காகிதத்தைத் தொடையில் வைத்து, இரண்டு கையாலும் நீவி நீவி நேராக்கினார். பிறகு அவரிடம் நீட்டினார்.

"காபின்னு சொல்லிக் குடுத்தாங்கன்னு சொல்லுங்க. காபின்னு நம்பினேன்னு சொல்லாதீங்க."

அவர் தலையாட்டினார்.

"உங்க பேர் வரலைன்னாலும் நீங்களாப் போய் ஊதினதைச் சொல்லுங்க. மீதி என்கிட்ட சொல்ல வேண்டியது. அதை வீட்டுக்கு வந்து சொல்லுங்க. பாப்பா தூங்கினதுக்கப்புறம்."

வீட்டுக்கு வந்து என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்கு அவர் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே உள்ளே போனார். கதவு மூடியது. அந்தப் பெண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் போன் அடித்தது. கடையில் நான் கொடுத்துவிட்டு வந்த நம்பருக்கு நாக்கு. மேடம் கையை நீட்டினார், கொடுத்தேன். அந்த வராந்தாவின் அமைதியில் மறுமுனைக் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"மேடம், அந்த நோட்டு எனக்கு எப்பக் கிடைக்கும்? வேற காப்பி கிடையாது. ஆறு வருஷ உழைப்பு மேடம் அது."

மேடம் மூடிய கதவைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அழுகிய இறைச்சி விற்றவனைக்கூட அவர் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

"இங்க உள்ள ஒருத்தர் நிக்கறார். அவர்கிட்டயும் ஆறு வருஷம் இருந்துச்சு. அதைத் திருப்பிக் கொண்டு வா. உன்னோடதை வாங்கிட்டுப் போ."